திருப்பூர் என்றால் செல்வராணி

போன மாதம் தில்லியிலிருந்து சுருதி கூப்பிட்டாள். தேசியத் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் எனக்குக் கீழே வேலை பழகியவள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலி அவளுக்குத்தான் போனது. அலுவலகத்தில் புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறதாம். அதைச் சொல்லாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மேடம், இப்பல்லாம் படம் தேடுற வேலையே கிடையாது. செய்தியை எழுதி உள்ள போட்டா சிஸ்டமே லைப்ரரியிலேருந்து பழைய விஷுவலை எடுத்து ஒட்டிடுது. மழைன்னா மழை. பட்ஜெட்னா பார்லிமென்ட். யாரும் மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.”

“பனியன் ஏற்றுமதின்னா?”

“ஒரு லேடி மெஷின்ல தைச்சுக்கிட்டிருப்பாங்க மேடம்.”

“யாரு கண்ணு அந்த லேடி?”

சுருதி சிரித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. சிஸ்டத்துக்கும் தெரியாது. அலுவலக இதழுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டுவிட்டு, “நீங்க பாத்த பெரிய செய்தியா ஒண்ணு எழுதுங்க மேடம்” என்றாள். பெரிய செய்திகளுக்கு என்ன குறை? ஆட்சி கவிழ்ந்ததைப் பார்த்தேன், புயல் பார்த்தேன், வெள்ளம் பார்த்தேன். அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த லேடியைப் பற்றி எழுத நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஆகவே அவளைப் பற்றியே எழுதுகிறேன், இதழில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

நான் பிறந்தது திருப்பூர் மண்ணரையில். அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் எல்லாம் பார்ப்பாள். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கோயமுத்தூரில் படித்தேன், சென்னையில் பரீட்சை எழுதினேன், தில்லிக்குப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சியில் குளிரைத் தாங்கவும் காய்ந்த ரொட்டியை விழுங்கவும் நன்றாகப் பழகினேன். செய்தியைப் பற்றிக் கற்றதை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். பிறகு சென்னைச் செய்திப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் பத்மநாபன் சார் இருந்தார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் செய்தி ஆசிரியர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, மேசையில் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் “சரி” என்பார். அவர் “சரி” என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நாங்கள் எழுதிக் கொண்டுபோகிற செய்தியை உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார். முதல் வாரத்தில் நான் ஒரு பேருந்து விபத்துச் செய்தியில் “பரிதாபமாக உயிரிழந்தனர்” என்று எழுதியிருந்தேன். அந்தப் “பரிதாபமாக”வை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பரிதாபம் பாக்குறவன் பட்டுக்கட்டும்மா. நீ நடந்ததைச் சொல்லு.”

“சரிங்க சார்.”

“நடந்ததை மட்டும்.”

“ஆமாங்க சார். மட்டுந்தானுங்க.”

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என் “ங்க” அந்த அலுவலகத்தில் பிரபலம். கலாமணிக்கு “ங்க” போடாமல் தும்மத் தெரியாது என்று ஒரு பேச்சே உண்டு. சார் மட்டும் சிரிக்க மாட்டார். “கேலி பண்ணாதீங்கப்பா. மந்திரிக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரே மரியாதை வெச்சுப் பேசுற ஒரே ஆள் இந்தப் பொண்ணுதான்” என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து நான் அவருக்கு அடிமை என்றே சொல்லலாம்.

சாருக்குச் சில சட்டங்கள் உண்டு. இறந்தவர் பெயரை அவர் வீட்டுக்குத் தகவல் போகும்முன் சொல்லக் கூடாது. செய்தியில் தனி மனிதருக்கான சேதி எதுவும் போகக் கூடாது. ஒரு மந்திரி தன் தொகுதிக்காரர்களுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொன்ன துண்டை ஒட்டக் கத்தரித்துவிட்டு, “இது செய்தி. தபால் ஆபீஸ் இல்லை” என்றார். மந்திரியின் ஆட்கள் போனில் கத்தினார்கள். சார் முழுவதையும் கேட்டுவிட்டு “சரி” என்று வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட விசித்திரமான சட்டம் ஒன்று இருந்தது. செய்தி போவதற்கு முன் படங்களையெல்லாம் ஒருமுறை சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று, எதுவும் தெரியாத ஒருவர் பார்த்தால் என்ன புரியும் என்று சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மண்ணரையில் டீக்கடை டிவி ஓடும்போது பக்கத்துப் பட்டறையில் மிஷின் ஓடும். ஒரு வார்த்தை கேட்காது. ஆட்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தே நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டு போவார்கள். இதைச் சாரிடம் சொன்னபோது அவருக்கு ஏக சந்தோஷம்.

ஒருமுறை இப்படிச் சத்தமில்லாமல் ஓட்டியபோது, ஒரு தலைவர் மாலையும் கழுத்துமாகக் கைகூப்பி நின்றார். அடுத்த நொடி, கைவிலங்கு மாட்டிய திருடர்கள் வேனில் ஏறினார்கள். இரண்டும் வேறு வேறு செய்தி. சத்தத்தோடு பார்த்தபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சார் புரையேறி இருமும் வரை சிரித்தார். பிறகு இடையில் ஒரு மழைச் செய்தியைத் தூக்கிப் போட்டார்.

இனி செல்வராணி.

தீபாவளிக்கு முன்னால் பனியன் ஏற்றுமதி பற்றி ஒரு தொகுப்பு எடுக்க என்னைத் திருப்பூருக்கு அனுப்பினார்கள். சொந்த ஊருக்கு அலுவலகச் செலவில் போவதில் எனக்கு அப்படி ஒரு மிதப்பு. கோயமுத்தூரிலிருந்து கேமராமேன் ஜோசப் வந்தார். மண்ணரையில் ஒரு கம்பெனிக்குள் போனோம். கேமராவைத் தூக்கியதும் வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தது மாதிரி விறைத்துப்போனார்கள். ஜோசப் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, “மேடம், ஏதாவது பேச்சுக் குடுங்க” என்றார்.

துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் இருந்த பெண்ணிடம் போனேன். பேர் செல்வராணி. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஆப்பரேட்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவள். நான் கேட்கும்முன் அவள் கேட்டாள்.

“அக்கா, இது எங்க ஊர்லயும் தெரியுமா?”

“இந்தியா முழுக்கத் தெரியுமுங்க.”

“இந்தியா கிடக்கட்டும். எங்க அய்யா பாப்பாரா? பஞ்சாயத்து டிவி முன்னால முத ஆளா உக்காந்திருப்பாரு. முறைமாமனைக் கட்டிக்கிட மாட்டேன்னு இவரைக் கட்டுனதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. இப்ப டிவிக்குள்ள நான் வந்தா என்ன செய்வாரு? எந்திரிச்சா போவாரு? செய்தி முடியாம எந்திரிக்க மாட்டாருக்கா!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பல்லில் ஒரு நூல், முகத்தில் பஞ்சுத் தூசி, தலையை நிமிர்த்தி ஒரு சிரிப்பு. ஜோசப் அதை எப்போது எடுத்தார் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சிரிப்புதான் லைப்ரரிக்குப் போனது. தொலைக்காட்சியில் ஒரு செய்திக்குப் புதுப் படம் இல்லையென்றால் பழைய படத்தைப் போடுவோம். ஃபைல் ஷாட் என்போம். திருப்பூர் என்று கேட்டால் லைப்ரரிக்காரர் யோசிக்காமல் செல்வராணியை எடுத்துக் கொடுத்தார். ஏற்றுமதி கூடினால் செல்வராணி சிரித்தாள். நூல் விலை ஏறிக் கடையடைப்பு நடந்தாலும் சிரித்தாள். சாயத் தண்ணீர் வழக்கில் தீர்ப்பு வந்த அன்றும் சிரித்தாள். சென்னையில், தில்லியில், தமிழில், இந்தியில், எல்லாவற்றிலும் அவள்தான். மண்ணரையில் அவளுக்கு “டிவிக்காரி” என்று பேரே வைத்துவிட்டார்கள். எப்போதாவது கம்பெனி போனிலிருந்து என்னைக் கூப்பிடுவாள்.

“அக்கா, நேத்தும் என்னையக் காமிச்சீகளாம்ல? அந்தச் சேலை கிழிஞ்சு அடுப்புத் துணியாகிப் போச்சு. புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டு நிக்கேன், வந்து எடுங்களேன்.”

“வாரேனுங்க, வாரேனுங்க” என்பேன். போகவில்லை. அதற்குள் அந்த விபத்து நடந்தது.

ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் காலையில் பாய்லர் வெடித்தது. தொழிலாளிகள் இறந்துபோனார்கள். எங்கள் நிருபரும் ஜோசப்பும் ஓடினார்கள். அவர்கள் எடுத்த டேப்பைக் கோயமுத்தூர் கொண்டுபோய் அங்கிருந்துதான் அனுப்ப முடியும். தில்லியில் நண்பகல் இந்திச் செய்தி காத்திருக்குமா? படம் வரும்முன் செய்தி போய்விட்டது.

சென்னையில் நாங்கள் வழக்கம்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சார் வழக்கம்போல சத்தத்தை அடைத்திருந்தார். திரையில் திருப்பூர் என்று எழுத்து வந்தது. வேறு எங்கோ எப்போதோ எரிந்த புகை வந்தது. ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு செல்வராணியின் முகம் வந்தது, திரை நிறைய.

சார் சொம்பைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு போயிடுச்சா?”

“ஐயோ, இல்லீங்க சார். அது ஃபைல் ஷாட்டுங்க. நான் எடுத்ததுதான்.”

“அது உனக்குத் தெரியும். தினம் பாக்குற எனக்கும் தெரியும். இந்தி தெரியாத ஊர்ல இதைப் பாத்தவனுக்கு?”

உடனே தில்லியைக் கூப்பிட்டேன். அந்தச் செய்திக்குப் பொறுப்பானவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குக் கோபம் வந்தது. மூலையில் ‘பழைய படம்’ என்று போட்டிருந்தோமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். போட்டிருந்தார்கள், உண்மைதான். இந்தி எழுத்தில் போட்டிருந்தார்கள். சார் என் கையிலிருந்து போனை வாங்கி, தனக்குத் தெரிந்த இந்தியில், படிக்க முடியாதவனுக்கு நாம் எழுதியதும் எழுதாததும் ஒன்றுதான் என்று சொன்னார். பிறகு “சரி” என்று வைத்தார்.

மண்ணரைக் கம்பெனிக்குப் போட்டேன். மேனேஜர் எடுத்தார்.

“ஏனுங்க அம்மணி, என்ன வேலைங்க பண்ணிப்போட்டீங்க! அந்தப் புள்ள இங்க சாதம் உண்டுட்டு உக்காந்திருக்குதுங்க. டிவி பாத்தவங்க அத்தனை பேரும் இங்க போனு மேல போனு போடுறாங்க. இருங்க, அதுகிட்டயே குடுக்குறேன்.”

செல்வராணி வந்தாள். “அக்கா, நான் செத்துட்டேனாம்ல” என்றாள். அடுத்த வார்த்தைக்குள் அழுதுவிட்டாள்.

அவள் சொன்னதைக் கோர்வையாகச் சொல்கிறேன். அவள் ஊரில் பஞ்சாயத்து டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறார்கள். முதல் வரிசையில் அவள் அய்யா. புகையும் ஆம்புலன்சும் மகள் முகமும் வந்ததும் அப்படியே சாய்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. அவர் சர்க்கரை நோயாளி, மாத்திரையும் போடவில்லை. பெரியம்மாவும் சொந்தக்காரர்களும் வேன் பிடித்துத் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். உடல் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் ஒரு பெண்ணை அனுப்பக் கூடாது என்று கோடிச் சேலையும் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

“நீங்க ஊருக்குப் போன் பண்ணுனீங்களாங்க?”

“பண்ணுனேன்க்கா. ஊர்ல ஒரே ஒரு கடையிலதான் போனு இருக்கு. என் குரலைக் கேட்டதும் கடைக்காரரு பேயின்னு போனைக் கீழ போட்டுட்டாரு. மறுக்கா போட்டுப் பேரு, குலசாமி எல்லாம் சொன்னப்புறந்தான் நம்புனாரு. ஓடிப்போய் அய்யாகிட்டச் சொல்லியிருக்காரு. அவரு நம்பல. ‘சர்க்கார் டிவியில காமிச்சாச்சு. அது பொய் சொல்லுமா? என்னைத் தேத்துறதுக்கு ஆளாளுக்குக் கதை விடுறீக’ன்னு மறுபடி சுவரைப் பாத்துப் படுத்துட்டாராம். நானே போயிருவேன்க்கா. வயித்துல ஏழு மாசம். பஸ்ஸுல ஏறவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக.”

அவள் கர்ப்பமாக இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். இப்போது தையலை விட்டுவிட்டு செக்கிங்கில் உட்கார்ந்திருந்தாள்.

சாரிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அந்த மனுஷன் நம்மளை நம்புறார். அதாம்மா கஷ்டம். நாம காட்டினதை நாமதான் மாத்திக் காட்டணும். ஜோசப் இன்னும் திருப்பூர்லதானே?”

ஜோசப்பை மண்ணரைக்கு விரட்டினேன். கம்பெனி வாசலில் அவளை நிறுத்தி எடுக்கச் சொன்னேன். சாருடைய ஒரே நிபந்தனை, அவள் சிரிக்கக் கூடாது. “இன்னிக்குச் செத்தவங்க வீட்டுலயும் டிவி இருக்கு” என்றார். விபத்துச் செய்தி முழுதும் முடிந்து, இறந்தவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்து, இடையில் வேறு ஒரு செய்தி போன பிறகுதான் செல்வராணி வர வேண்டும் என்றும் சொன்னார்.

சாயங்காலச் செய்திக்குச் சற்று முன்னால் கோயமுத்தூரிலிருந்து படம் வந்து இறங்கியது. எடிட்டிங் அறையில் கூடி நின்றோம். கம்பெனி வாசலில், ஒரு கை இடுப்பில் ஊன்றி, வயிறும் தானுமாகச் செல்வராணி நின்றாள். ஜோசப் பேரைச் சொல்லச் சொன்னதும் சொன்னாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவள் கேமராவையே பார்த்தாள்.

“அய்யா, நான் நல்லாத்தான் இருக்கேன். எந்திரிச்சுச் சாப்பிடுங்கய்யா.”

எடிட்டர் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தார். இதைவிட நல்ல படம் என் வாழ்நாளில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“படம் போகட்டும். குரல் வேண்டாம்” என்றார் சார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. “ஏனுங்க சார்? கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணு அப்பங்கிட்டப் பேசுற முத வார்த்தைங்க இது! இதை வெட்டுறதுக்கு நாம யாருங்க? தபால் ஆபீஸ்னு சொல்லப் போறீங்களா?”

அலுவலகத்தில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் “சரி” என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“தபால் ஆபீஸாவே இருக்கட்டும்மா. அடுத்தவன் கடுதாசியை ஊர் கேக்கப் படிப்பியா? அது அவ அப்பாவுக்குச் சொன்னது. உனக்கும் எனக்கும் சொன்னது இல்ல. அப்புறம், இன்னிக்கு அப்பனைப் பறிகொடுத்த பொண்ணுங்க இருக்கு. அதுங்க காதுல இந்தக் குரலைப் போட எனக்கு மனசு வரல.”

சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். ஓடியது. மறுபடியும் ஓட்டச் சொன்னார். ஜோசப் முகத்தை நெருக்கமாகவும் எடுத்திருந்தார், தள்ளி நின்று முழு ஆளாகவும் எடுத்திருந்தார். எடிட்டர் நெருக்கமான படத்தை வைத்திருந்தார்.

“அது வேண்டாம். முழுசாக் காட்டு. முகத்தை மட்டும் காட்டினா, இதுவும் பழைய படம்னு அவர் நினைப்பார். இந்த வயிறு பழைய படத்துல கிடையாது.”

அறையில் இருந்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. என் கோபம் போய்விடவில்லை, ஆனால் அதற்கு மேல் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. செய்தியை நான்தான் எழுதினேன். “இன்று நண்பகல் எங்கள் இந்திச் செய்தியில் விபத்துடன் காட்டப்பட்ட பெண், மண்ணரையைச் சேர்ந்த செல்வராணி. அது முன்பு எடுத்த படம். அவர் நலமாக இருக்கிறார். அவர் குடும்பத்துக்கு ஏற்பட்ட துயரத்துக்கு வருந்துகிறோம்.” சார் உதட்டை அசைத்துப் படித்தார். “வருந்துகிறோம்” என்பதை அடித்து “மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்” என்று சிவப்புப் பேனாவால் எழுதினார். தில்லியிலும் மறுநாள் நண்பகல் அதே நேரத்தில், அதே இடத்தில் இதைப் படித்தார்கள். அதற்குச் சார் யார் யாரிடம் பேசினார் என்று எனக்குத் தெரியாது.

செய்தி போனது. செய்தி வாசிப்பவர் படிக்க, அவர் குரலுக்குப் பின்னால் செல்வராணி சத்தமில்லாமல் வாயசைத்தாள். நான் சாரிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் அவரோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினேன். அவரும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். அவர் சொம்பில் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலையை மட்டும் நான் விடவில்லை. என்ன இருந்தாலும் சார்.

பின்னால் தில்லிக்கு மாற்றினார்கள். படிப்படியாக ஏறி, கடைசியில் தேசியச் செய்தி முழுவதும் என் பொறுப்பில் வந்தது. முதல் நாளே டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு எல்லாரையும் சுற்றி நிற்க வைத்தேன். ‘மியூட் மேடம்’ என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். சாவுச் செய்திக்கு உயிரோடு இருப்பவர் முகத்தைப் பழைய படமாகப் போடக் கூடாது என்று கண்டிப்பாக எழுதி ஒட்டினேன். எதற்காக இந்தச் சட்டம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் மண்ணரையில் ஆரம்பித்திருப்பேன், செய்தி நேரத்துக்குள் முடித்திருக்க மாட்டேன்.

விபத்துக்கு அடுத்து வந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது செல்வராணி வீட்டைத் தேடிப் போனேன். லைன் வீடு. மடியில் பெண் குழந்தை. என்னைக் கண்டதும், “வாங்கக்கா! என்னையச் சாகடிச்ச மகராசி வாங்க!” என்றாள். காப்பி போட்டுக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.

“வேன் தெரு முக்குல நின்னுச்சுக்கா. பெரியம்மா அங்கருந்தே மாரடிச்சுக்கிட்டு வருது. நான் குழாயடியில நிக்கேன். வயிறும் பிள்ளையுமா நிக்கவும் அதுக்கு என்னைய அடையாளம் தெரியல. என்னைத் தாண்டிப் போயிருச்சு! என் ஊட்டு வாசல்ல விழுந்து, ‘என் ராசாத்தி போயிட்டியா’ன்னு ஒப்பாரி வைக்குது. நான் பின்னாலயே போயி, ‘பெரியம்மா, யாரு செத்தா?’ன்னு கேட்டேன். திரும்பிப் பாத்துச்சு பாருங்க, அப்ப அழுதுச்சே ஒரு அழுகை, அதுதான்க்கா நெசமான அழுகை.”

“ஊடு”, “என்னைய” என்று அவள் பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருந்தன. கோடிச் சேலையை என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

“செத்தவளுக்கு எடுத்ததைக் கட்டவும் கூடாது, திரும்பக் கொண்டுபோகவும் கூடாது. நொய்யல் ஆத்துல விட்டுட்டுத்தான் வேன் ஏறுனாக. நான் பிரிச்சுப் பாத்தேன்க்கா. கூடாதுன்னாக, கேக்கல. கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துத் தராத மனுசன் எங்க அய்யா, மடியில இருந்த காசைக் குடுத்து, ‘அரக்குக் கலர்ல எடுங்க, அதுதான் அவளுக்குப் பிடிக்கும்’னு சொல்லி விட்டாராம். சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டே சொன்னாராம்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழந்தை அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்தது.

“அங்க ஊர்ல, சாயங்காலச் செய்திக்கு அவரைக் கட்டிலோட தூக்கிட்டுப் போய் டிவி முன்னால போட்டுருக்காக. நான் வந்தேனாம். எந்திரிச்சு உக்காந்துட்டாராம். என் வயித்தைக் கையைக் காட்டி, ‘இது புதுசு, இது புதுசு’ன்னாராம். அப்புறம் சுத்தி நின்னவங்களைப் பாத்து, ‘அவ என்னமோ சொல்றாளே, என்ன சொல்றா?’ன்னு கேட்டிருக்காரு. ஒருத்தரு, ‘நல்லா இருக்கேன்னு சொல்லுதா’ன்னாராம். ஒருத்தரு, ‘உங்களை வரச் சொல்லுதா’ன்னாராம். கடைக்காரரு, ‘உம்மைத் திட்டுதா’ன்னாராம். ‘அய்யான்னு சொன்னது தெரியுது. அதுக்கு அப்புறம் என்னமோ இருக்கு’ன்னு ராவெல்லாம் பொலம்பிட்டுக் கிடந்தாராம். அவருக்குத் தாங்கல. காலையில மொத பஸ்ஸு ஏறிட்டாரு.”

“இங்கயே வந்துட்டாருங்களா?”

“மத்தியானம் வாசல்ல ஆளு நிக்குது. கையில ஒரு மஞ்சப் பையி. மெலிஞ்சு போயிருந்தாரு. நல்லாருக்கியான்னு கேக்கல, எத்தனை மாசம்னு கேக்கல. அத்தனை வருசம் பேசாத மனுசன், நேத்து விட்ட பேச்சைத் தொடுற மாதிரி கேக்காரு. ‘டிவியில என்னமோ சொன்னியே. அவிங்க சத்தத்தை விடல. என்ன சொன்ன?’ன்னாரு. ‘எந்திரிச்சுச் சாப்பிடுங்கய்யான்னு சொன்னேன்’னேன். அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

‘அப்பச் சோத்தைப் போடு. உனக்கும் சேத்துப் போடு’ன்னாரு.”